மே மாத இன்டர்ன்ஷிப்புக்கு உறைபனிக் காலத்திலேயே தேடுங்கள்: நீலகிரி மாணவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், பிறந்தவள் நான். 2009 கோடையில், பி.காம். இரண்டாம் ஆண்டு முடித்த கையோடு, ஒரு பையும் ஒரு முகவரியுமாகச் சென்னைக்கு இன்டர்னாக, அதாவது படிக்கும்போதே ஒரு நிறுவனத்தில் வேலை பழகுபவளாக, போனேன். இப்போது கிண்டியில் ஒரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஒவ்வொரு கோடைக்கும் இன்டர்ன்களைத் தேர்வு செய்வதும் என் பொறுப்பு. இந்த டிசம்பரில் ஊருக்கு வந்தபோது, எங்கள் பகுதிக் கல்லூரிப் பிள்ளைகளும் சில பெற்றோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடி, மனதில் இருந்ததையெல்லாம் கேட்டார்கள். அன்று சொன்னதோடு, நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அக்கா, ஏப்ரலில் தேர்வு முடிந்ததும் தேட ஆரம்பித்தால் போதுமா? (பி.காம். இரண்டாம் ஆண்டு, குன்னூர்)

போதாது. காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் இந்த மாதத்திலேயே தொடங்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் கோடைக்கான ஆட்களை ஜனவரி, பிப்ரவரியில் முடிவு செய்துவிடும். அறிவியல் மாணவர்களுக்கு இன்னும் முன்னதாகவே கதவு சாத்திவிடுகிறது. இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆய்வுத் திட்டத்துக்கு, பெரும்பாலும் முந்தைய ஆண்டின் கடைசியிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். சென்னை ஐ.ஐ.டி.யின் கோடைத் திட்டத்துக்கு பிப்ரவரி, மார்ச் வாக்கில் பார்க்க வேண்டும். சின்ன நிறுவனங்கள் மட்டும்தான் மார்ச், ஏப்ரல் வரை இடம் வைத்திருக்கும்.

இன்னொன்று, பாரதியார் பல்கலைக்கழகத் தேர்வுகள் சில வருடம் மே வரை இழுக்கும். தேர்வு தேதி தெரியாமல் 'மே 1 முதல் வருகிறேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துறைத் தலைவரிடம் கேட்டு, பத்து நாள் கூடுதலாக வைத்துத் தேதி சொல்லுங்கள்.

சென்னையில் எனக்கு ஒருவரையும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது? (பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், கூடலூர்)

எனக்கும் அன்று தெரியாது, தம்பி. இன்டர்ன்ஷாலா, லிங்க்ட்இன், ஏ.ஐ.சி.டி.இ. என்னும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் இன்டர்ன்ஷிப் தளம் ஆகிய இணையதளங்களில் பதிவு செய்யுங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அங்கே ஒரு இடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் குவியும். என் அனுபவத்தில் மலைப் பிள்ளைகளுக்கு அதிகம் பலன் தந்தது நேரடி மெயில்தான்.

ஒரு நோட்டில் நாற்பது நிறுவனங்களை எழுதுங்கள். பத்துப் பேரிலிருந்து ஐம்பது பேர் வரை வேலை செய்யும் இடங்களாக இருக்கட்டும். பெயர் பெற்ற பெரிய கம்பெனிக்கு நீங்கள் அனுப்பும் மெயிலை யார் திறப்பார்கள் என்றே தெரியாது. சின்ன இடத்தில் முதலாளியே திறப்பார். மென்பொருள் என்றால் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கமும் கிண்டியும், இயந்திரம், உற்பத்தி என்றால் அம்பத்தூர் தொழிற்பேட்டை, கணக்கு என்றால் தி. நகரிலும் மயிலாப்பூரிலும் இருக்கும் ஆடிட்டர் அலுவலகங்கள். ஒவ்வொரு நிறுவனமும் என்ன செய்கிறது என்று நோட்டில் ஒரு வரி எழுத முடிந்தால் மட்டும் மெயில் அனுப்புங்கள்.

மெயில் ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதுவீர்கள். உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்:

'வணக்கம். நான் கூடலூரில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நீங்கள் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்வதை உங்கள் தளத்தில் பார்த்தேன். எங்கள் ஊர் மளிகைக் கடைக்குச் சரக்குக் கணக்கு வைக்கச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறேன். அதன் லிங்க் கீழே. மே 12 முதல் ஜூன் 20 வரை சென்னையில் தங்கி முழுநேரம் வேலை செய்ய முடியும். பத்து நிமிடம் போனில் பேச நேரம் தருவீர்களா?'

அவ்வளவுதான். நீங்கள் யார், அவர்களைப் பற்றி என்ன தெரியும், என்ன செய்து பார்த்திருக்கிறீர்கள், எந்தத் தேதி, என்ன வேண்டும் எல்லாம் வந்துவிட்டது. 'மதிப்புமிக்க உங்கள் நிறுவனத்தில் என் திறமையை வளர்த்துக்கொள்ள' என்று தொடங்கும் மெயில் எனக்கு ஒரு நாளைக்குப் பத்தாவது வரும். அதே மெயிலை எல்லோருக்கும் அனுப்புகிறார்கள் என்று படித்ததும் தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். நாற்பதில் நான்கு பதில் வந்தால் நல்ல அறுவடை. மனம் தளர வேண்டாம்.

ரெஸ்யூமில் எழுத என்னிடம் ஒன்றுமே இல்லை. ஒரு போட்டியில்கூடப் பரிசு வாங்கியதில்லை. (பி.ஏ. ஆங்கிலம், கோத்தகிரி)

இந்தக் கேள்வி கேட்ட பெண்ணிடம், சுற்றுலா சீசனில் என்ன செய்வாய் என்று கேட்டேன். மாமாவின் ஹோம்ஸ்டேயில் வரும் போன்களுக்குப் பதில் சொல்வாளாம், யாருக்கு எந்த அறை என்று எழுதி வைப்பாளாம், தமிழ் தெரியாத விருந்தினர்களிடம் ஆங்கிலத்திலும் அரைகுறை இந்தியிலும் பேசிச் சமாளிப்பாளாம். இதைத்தான் ஒன்றுமில்லை என்கிறாள்.

நம் பிள்ளைகள் செய்யும் வேலையை வேலை என்றே நினைப்பதில்லை. அதுதான் எனக்கு வருத்தம். அப்பாவின் பச்சைத் தேயிலைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நாள் எத்தனை கிலோ போட்டோம், தொழிற்சாலையில் எவ்வளவு கழித்தார்கள், கிலோவுக்கு என்ன விலை, எப்போது பணம் வந்தது, பறிகூலி எவ்வளவு போனது எல்லாம் ஒரு கசங்கிய நோட்டில் இருக்கும். ஒரு வருடக் கணக்கை எக்ஸெலில் ஏற்றி, எந்த மாதம் கையில் என்ன மிஞ்சியது என்று ஒரு பக்கத்தில் காட்டினால், அது ஒரு பி.காம். மாணவருக்கு எந்தச் சான்றிதழையும்விட மேல். சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரே ஒரு தாளோடு வந்த மாணவியைத்தான் நான் எடுத்தேன். மற்றவர்கள் ஆன்லைன் சான்றிதழ் பத்து வைத்திருந்தார்கள். அந்தப் பெண் தன் கணக்கைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னாள்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் இதுபோல் ஒன்று செய்து வையுங்கள். பேக்கரியில் வர்க்கி எந்தக் கிழமை அதிகம் விற்கிறது என்று ஒரு மாதம் குறித்தாலும் சரி. ரெஸ்யூம் ஒரே பக்கம் இருக்கட்டும். அப்பா பெயர், மதம், திருமண நிலை எதுவும் வேண்டாம்.

பயிற்சிக்கு ஐயாயிரம் கட்டினால் சர்டிபிகேட் உறுதி என்று போன் வந்தது. கட்டலாமா? (பி.சி.ஏ., ஊட்டி)

கட்டாதீர்கள். பதிவுக் கட்டணம், டெபாசிட், லேப்டாப் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் வாங்க மாட்டார்.

2009ல் நான் தேடிப் போன முதல் இடம் ஒரு மாடி அலுவலகம். 2,500 ரூபாய் 'பயிற்சி டெபாசிட்' வாங்கினார்கள். ஆறு நாள் ஒரு அறையில் உட்கார வைத்து, பழைய விலாசங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார்கள். ஏழாம் நாள் போனேன், கதவில் பூட்டு. அது அப்பாவின் ஒரு மாத இலைக் காசு. வீட்டில் சொல்ல முடியாமல் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் இரண்டு நாள் போய் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் அங்கிருந்தே டெலிபோன் டைரக்டரியில் ஆடிட்டர்களின் எண்களை எழுதி எடுத்துப் போய், வரிசையாக போன் செய்தேன். பதினெட்டாவது ஆள் வரச் சொன்னார். அதனால்தான் இந்த ஒரு விஷயத்தில் நான் இவ்வளவு கண்டிப்பு.

ஸ்டைபெண்ட் (பயிற்சிக்கால உதவித்தொகை) இல்லை என்கிறார்கள். சீசனில் கடையில் நின்றால் சம்பளமாவது வரும். எது நல்லது? (பி.பி.ஏ., குன்னூர்)

நியாயமான கேள்வி, இதற்கு எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. கணக்குப் போடுவோம். சென்னையில் மூன்று நான்கு பேர் சேர்ந்து தங்கும் பி.ஜி.யில் (தனியார் விடுதியில்) சாப்பாட்டோடு மாதம் 7,000 முதல் 10,000 வரை ஆகும். அட்வான்ஸ் தனி. போக்குவரத்து, கைச்செலவு சேர்த்தால் ஒன்றரை மாதத்துக்குக் குறைந்தது 18,000 வேண்டும். இதோடு சீசனில் வராமல் போகும் சம்பளத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டில் அந்தப் பணம் வட்டிக்கு வாங்கித்தான் வரும் என்றால், சம்பளமில்லாத இடத்துக்குப் போகாதீர்கள். இதை ஒளிக்காமல் சொல்கிறேன், அதில் ஒரு குறைவும் இல்லை. வீட்டிலிருந்தே செய்யும் இன்டர்ன்ஷிப்பை மாலையில் வைத்துக்கொண்டு பகலில் கடை வேலையைப் பாருங்கள். தங்க உறவினர் வீடு இருந்தால், கற்றுக்கொடுக்க ஒரு பெரியவர் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று உறுதியானால், அப்போது போகலாம். ஸ்டைபெண்டைக் கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். 'தங்குவதற்கும் பஸ்ஸுக்குமாவது ஏதாவது தர முடியுமா?' என்று கேட்டவர்களில் யாரையும் அதற்காக நான் வேண்டாம் என்று சொன்னதில்லை.

கோயம்புத்தூரையும் மறக்காதீர்கள். பம்ப், ஃபவுண்டரி, துணி, மென்பொருள் எல்லாம் அங்கே உண்டு, செலவும் குறைவு. சனிக்கிழமை ஊருக்கு வந்துவிடலாம். கூடலூர்க்காரர்களுக்கு மைசூர் வழியாக பெங்களூரும் பக்கம்தான். ஆனால் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், குறிப்பிட்ட சில பஸ்கள்தான் போகும். அதற்கேற்றபடி கிளம்புங்கள்.

ஏம்மா, பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பச் சொல்கிறாயே, பயமாக இருக்காதா? (ஒரு தாய், கோத்தகிரி)

இருக்கும் அக்கா. என் அம்மாவும் மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் வரை வந்து அழுதார். பயத்தைக் குறைக்கச் சில காரியங்கள் செய்யலாம். முதல் முறை நீங்களும் கூடப் போங்கள். நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் சென்ட்ரல். அலுவலகத்தை உங்கள் கண்ணால் பாருங்கள், ஹாஸ்டல் வார்டனிடம் பேசுங்கள். தங்குமிடம் அலுவலகத்துக்கு ஒரே பஸ்ஸில் போகும் தூரத்தில் இருக்கட்டும். வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் தோழி விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி, அடையாறு போன்ற இடங்களில் இருக்கின்றன. நிறுவனக் கடிதத்தைக் காட்டி, குறுகிய காலத்துக்கு இடம் உண்டா என்று விசாரியுங்கள். சாதாரண மாநகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, அது ஒரு மிச்சம்.

இது உங்கள் பெண்ணுக்கும் தெரிய வேண்டும்: பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டம் பயிற்சிக்கு வருபவர்களையும் காக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். அதைவிடச் சின்ன இடம் என்றால் மாவட்டக் குழுவிடம் போகலாம். பெண்கள் உதவி எண் 181ஐப் போனில் பதிந்து கொடுங்கள். சேரும் முதல் நாளே, குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்துக்கு நான் போடலாமா? (பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு, ஊட்டி)

2024 அக்டோபரில் அது தொடங்கியபோது வைத்த விதிப்படி, முழுநேரம் படிப்பவர்களுக்கு இடமில்லை. 21 முதல் 24 வயதுக்காரர்களுக்கு, பன்னிரண்டு மாதம், மாதம் 5,000 ரூபாய். கோடை விடுமுறைக்குப் பொருந்தாது. பட்டம் முடித்த பிறகு அப்போதைய விதியைப் பாருங்கள்.

இயற்பியல் படிக்கிறேன். நகரத்துக்குத்தான் போக வேண்டுமா?

நம் ஊட்டிப் பக்கத்திலேயே, முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் மலைச்சரிவில் நிற்கிறதே! அதை நடத்தும் தேசிய ரேடியோ வானியற்பியல் மையம் மாணவர்களுக்குக் கோடை ஆய்வுத் திட்டம் வைத்திருக்கிறது. தலைமையிடம் புனே. நுண்ணுயிரியல் என்றால் குன்னூரில் 1907ல் தொடங்கிய பாஸ்டர் நிலையம், தாவரவியல் என்றால் முத்தோரையிலேயே உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம். பேராசிரியரின் கடிதத்தோடு ஜனவரியிலேயே போய்க் கேளுங்கள்.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. (பி.காம்., மஞ்சூர்)

செய்த வேலையை மட்டும் ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் சொல்லப் பழகுங்கள், தினமும் ஒரு முறை, சத்தமாக. மற்றதற்குத் தடுமாறினால் 'தமிழில் சொல்லட்டுமா?' என்று கேளுங்கள். சென்னையில் பெரும்பாலும் சரி என்பார்கள்.

போய்ச் சேர்ந்தேன், ஒரு வாரமாக எந்த வேலையும் தரவில்லை. என்ன செய்வது? (போன வருடம் போய் வந்த ஒரு மாணவர்)

அடிக்கடி நடப்பதுதான். அவர்களுக்கு உங்கள் மேல் கோபமில்லை, சொல்லிக்கொடுக்க நேரமில்லை. பக்கத்து மேசைக்காரர் தினமும் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை எது என்று கவனியுங்கள். 'அண்ணா, இந்த பில்களைத் தேதிவாரியாக நான் அடுக்கித் தரட்டுமா?' என்று குறிப்பாகக் கேளுங்கள். 'ஏதாவது வேலை இருக்கா?' என்று கேட்டால் 'அப்புறம் சொல்றேன்' என்றுதான் பதில் வரும். மாலையில் அன்று செய்ததை மூன்று வரி எழுதி மேலாளருக்கு அனுப்புங்கள்.

அப்புறம் வெயில். நாம் ஸ்வெட்டரோடு வளர்ந்தவர்கள், அங்கே அக்னி நட்சத்திரம். முதல் வாரம் மதியத்தில் அலையாதீர்கள், தண்ணீர் பாட்டிலைக் கையோடு வைத்திருங்கள், பருத்திச் சட்டை மூன்று போதும்.

சர்டிபிகேட் எப்போது கேட்க வேண்டும்?

கடைசி நாளில் கேட்காதீர்கள். கையெழுத்துப் போடுபவர் அன்று லீவில் இருப்பார். ஒரு வாரம் முன்பே கேளுங்கள். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன வேலை செய்தீர்கள் என்று இருக்க வேண்டும். நீங்களே ஒரு வரைவு எழுதிக் கொடுத்தால் சீக்கிரம் கிடைக்கும். பெயரில் இனிஷியல் கல்லூரிப் பதிவில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். ஊட்டி வந்த பிறகு திருத்த வேண்டுமென்றால் இன்னொரு ரயில் டிக்கெட்.