திரைவழி மனநல ஆலோசனை நேரடிச் சந்திப்புக்கு ஈடாகுமா?

கேள்வி: போடிநாயக்கனூரில் வசிக்கும் 34 வயதுப் பள்ளி ஆசிரியை நான். அப்பா மாரடைப்பில் இறந்த பிறகு, கடந்த சில மாதங்களாகப் பேருந்தில் ஏறினாலே நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, உயிர் போய்விடும்போல் ஆகிறது. இதயத்தில் குறை ஒன்றும் இல்லை, இது பதற்றத் தாக்குதல், மனநல ஆலோசனை பெறுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வாரந்தோறும் மதுரைக்குப் போய்வர என்னால் இயலாது. கைபேசியில் வீடியோ வழியாகப் பெறும் ஆலோசனை, நேரில் பெறுவதைப் போலப் பலன் தருமா? பணம் வீணாகிவிடுமா?

பதில்: உங்களுக்கு இருக்கும் சிக்கலுக்குப் பலன் தரும் என்று தயக்கமின்றிச் சொல்கிறேன். பதற்றம், மிதமான மனச்சோர்வு, தூக்கமின்மை ஆகியவற்றில் திரைவழிச் சிகிச்சை குறித்த ஆய்வுகள் ஏராளம். 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, நேரடிச் சிகிச்சையையும் சிகிச்சையாளரின் வழிகாட்டலோடு இணையத்தில் நடக்கும் எண்ண-நடத்தைச் சிகிச்சையையும் (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றக் கற்றுத்தரும் சிகிச்சை, சிபிடி) ஒப்பிட்ட 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஏறத்தாழ 1,400 பேர் பங்கேற்ற அவற்றில் இரண்டு முறைகளுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆனால் இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் மேலை நாடுகளில், முறையான பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்களைக் கொண்டு, தாமாக முன்வந்தவர்களிடம் நடத்தப்பட்டவை. கைபேசியில் கண்ணில் படும் எல்லா ஆலோசனைக்கும் அந்த முடிவு பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

2012இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான இன்னோர் ஆய்வு உங்கள் நிலைமைக்கு நெருக்கமானது. மனச்சோர்வு உள்ள 325 பேரில் ஒரு பாதியினருக்குத் தொலைபேசியிலும் மறு பாதியினருக்கு நேரிலும் ஒரே சிகிச்சை அளிக்கப்பட்டது. நேரில் வந்தவர்களில் 32.7 விழுக்காட்டினர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். தொலைபேசியில் நின்றவர்கள் 20.9 விழுக்காட்டினர்தான். சிகிச்சை முடிந்தபோது இரு தரப்பினரும் ஒரே அளவு தேறியிருந்தாலும், ஆறு மாதம் கழித்துப் பார்க்கையில் நேரில் வந்தவர்கள் சற்றே மேலான நிலையில் இருந்தார்கள். நேரில் பார்ப்பதில் ஏதோ ஒரு கூடுதல் பலன் இருக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் இரண்டு வாரம் மதுரைக்குப் போய்விட்டு மூன்றாவது வாரம் நிறுத்திவிடும் நேரடிச் சிகிச்சையைவிட, முடியும்வரை தொடரும் திரைவழிச் சிகிச்சையே உங்களுக்கு நல்லது.

உங்கள் அச்சம் பேருந்தில்தான் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பதற்றத் தாக்குதலுக்கான சிகிச்சையின் மையம், பயந்து ஒதுக்கும் இடத்துக்கு அளவாகவும் படிப்படியாகவும் திரும்பிச் செல்வதும், நெஞ்சு படபடப்பதால் உயிர் போய்விடாது என்பதை உடலே உணரும்படி செய்வதுமாகும். நின்ற இடத்திலேயே ஓடி மூச்சு வாங்கவைப்பது போன்ற பயிற்சிகளைத் திரைவழியே செய்யவைக்க முடியும். நீங்கள் நகரப் பேருந்தில் இரண்டு நிறுத்தம் பயணம் செய்யும்போது சிகிச்சையாளர் கைபேசியில் உடன் இருக்கவும் முடியும். அவருடைய அறைக்குள் உட்கார்ந்து பேசுவதில் இந்த வசதி கிடையாது.

உண்மையான இடையூறு வேறு. நம் வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவது எளிதன்று. சாத்தினால் ‘யாரோடு பேசினாய்’ என்ற கேள்வி வரும். காதில் மாட்டும் ஹெட்போன் மறுமுனைக் குரலைத்தான் மறைக்குமே தவிர, நீங்கள் பேசுவது கூடத்தில் இருப்பவருக்குக் கேட்கும். மாமியாருக்குக் கேட்டுவிடுமோ என்ற எண்ணத்தில் அப்பாவின் மரணத்தைப் பற்றிப் பேசாமல் பள்ளிக்கூட வேலைச்சுமையை மட்டும் பேசிவிட்டு எழுந்தால், அந்த ஒரு மணி நேரம் போனது போனதுதான். ஆகவே முதலில் இடத்தைத் தேடுங்கள். பள்ளி விட்ட பிறகு காலியாகும் வகுப்பறையோ, நம்பிக்கையான தோழியின் வீடோ, எல்லோரும் வெளியே போயிருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலையோ, எது கிடைத்தாலும் போதும். இது எதுவுமே அமையாவிட்டால் நேரடிச் சந்திப்பே மேல். அதற்கு மதுரைதான் போக வேண்டும் என்பதில்லை, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரித்துப் பாருங்கள்.

அடுத்தது, மறுமுனையில் இருப்பவர் யார் என்பது. மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. குறுகிய காலப் பயிற்சியை முடித்துவிட்டு ஆலோசகர் என்று விளம்பரம் செய்துகொள்வோரும் இருக்கிறார்கள். நேரில் போனால் அலுவலகத்தையும் அங்கே வந்துபோகிறவர்களையும் பார்த்து ஓரளவு எடைபோடலாம். திரையில் எல்லோரும் ஒரே மாதிரி தெரிவார்கள் என்பதால் இந்த எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. முதல் அமர்விலேயே உங்கள் முகவரியையும், அவசரத்துக்கு அழைக்கக்கூடிய ஓர் உறவினரின் எண்ணையும் அவர் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால், தொலைவில் இருப்பவருக்கு ஆபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று அவர் யோசித்திருக்கவில்லை என்று பொருள்.

செயலி வழியாகச் சேர்வதாக இருந்தால், தகவல்களை யாரோடு பகிர்கிறார்கள் என்பதைப் படித்துவிட்டுச் சேருங்கள். பயனர்கள் அளித்த உடல்நலத் தகவல்களை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற நிறுவனங்களுக்கு விளம்பர நோக்கில் கொடுத்ததற்காக, இணையவழி மனநல ஆலோசனை வழங்கும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம் 78 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று 2023இல் அமெரிக்க வணிக ஆணையம் உத்தரவிட்டது. இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017) சிகிச்சை விவரங்களின் ரகசியத்தைக் காக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. இருந்தாலும் வெளியே போய்விட்ட தகவலைத் திரும்பப் பெற வழியில்லை.

திரை போதாத நிலைகளும் உண்டு. காதில் குரல் கேட்பது, தூக்கமே இல்லாமல் பல நாள் அளவுகடந்த உற்சாகத்தில் இருப்பது, மதுவை நிறுத்தும்போது வரும் உடல் நடுக்கம், வீட்டுக்குள்ளேயே வன்முறை ஆகியவற்றுக்கு நேரில்தான் செல்ல வேண்டும். சிறு குழந்தைகளுக்கும் நேரடிச் சந்திப்பையே நான் பரிந்துரைப்பேன். உங்களுக்குத் தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனைகள் செய்யப்படவில்லை என்றால் செய்துகொள்ளுங்கள். அவையும் இதே படபடப்பைத் தரும், திரையில் பார்த்து அவற்றைக் கண்டறிய முடியாது.

முடிந்தால் முதல் சந்திப்பை மட்டும் துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு நேரில் வைத்துக்கொண்டு, பிறகு வாரம் ஒருமுறை வீடியோவில் தொடருங்கள். பதற்றத் தாக்குதலுக்கு மொத்தம் 7 முதல் 14 மணி நேரச் சிகிச்சையைப் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு பரிந்துரைக்கிறது. ஐந்தாறு அமர்வுகள் முடிந்தும் பேருந்தில் ஒரு நிறுத்தம்கூடப் போக முடியவில்லை என்றால், அதை அவரிடமே வெளிப்படையாகச் சொல்லி, முறையை மாற்றவோ வேறொருவரிடம் போகவோ முடிவெடுங்கள். சிகிச்சையாளர் அமையும்வரை மத்திய அரசின் டெலி-மானஸ் என்னும் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். எந்த நேரமும் தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால், அடுத்த அமர்வுக்காகக் காத்திருக்காமல் உடனே அந்த எண்ணை அழைத்துவிட்டு, வீட்டில் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.