காப்பி அடிக்க முடியாத கேள்வியா குடுங்க டீச்சர்!

கேள்வி: மன்னார்குடி பக்கம் எட்டாம் வகுப்பு எடுக்குறேன். லேப்ல 10 கம்ப்யூட்டர், பசங்க 40 பேர். "காவிரி பத்தி நெட்ல தேடி எழுதிட்டு வாங்க"ன்னு சொன்னா எல்லாரும் விக்கிபீடியாவ அப்படியே எழுதிட்டு வந்து நீட்டுறாங்க. அவங்களா யோசிக்கிற மாதிரி எப்படி குடுக்குறது? – ஓர் ஆசிரியை

பதில்: பசங்க மேல தப்பே இல்ல டீச்சர். நீங்க கேட்டதுக்கு பதில் ஒரே பக்கத்துல ரெடியா கெடக்கு, அத எடுத்து எழுதுறாங்க, அவ்ளோதான். கேள்வியத்தான் மாத்தணும்.

1995-ல சான் டியாகோ ஸ்டேட் யூனிவர்சிட்டில பெர்னி டாட்ஜ்னு ஒரு பேராசிரியர் இதுக்குன்னே வெப்குவெஸ்ட்னு ஒரு முறைய கொண்டாந்தாரு. தேடித்தேடி நேரம் போகக்கூடாது, கெடச்சத வச்சு யோசிக்கத்தான் நேரம் போகணும், அதனால லிங்க் எல்லாம் டீச்சரே முன்னாடியே படிச்சுப் பாத்து பொறுக்கி குடுத்துடணும். இது நெறைய பேர் விட்டுடுற வேல, ஆனா இதுலதான் பாதி விஷயம் இருக்கு.

உங்க ஊருக்கு நான் இப்படி கேப்பேன்: "மேட்டூர் அணைய வழக்கமா தொறக்குற ஜூன் 12-க்கு தொறக்கல, ஒரு மாசம் தள்ளிப்போச்சு. நம்ம ஊர்ல குறுவை போடலாமா, இல்ல நேரா சம்பாவுக்கு போயிடலாமா?" (குறுவைன்னா குறுகிய கால நெல்லு, சம்பான்னா அதுக்கப்புறம் போடுற நீண்ட கால நெல்லு.) கம்ப்யூட்டருக்கு நாலு பேரா உக்கார வச்சு, ஒருத்தர் பம்புசெட் வச்சிருக்க விவசாயி, ஒருத்தர் வாய்க்காலோட கடைசில நெலம் இருக்க கடைமடை விவசாயி, ஒருத்தர் நடவு ஆளு, ஒருத்தர் வேளாண்மை ஆபீசர்னு பிரிச்சு விடுங்க. ஆளுக்கு ரெண்டு லிங்க் போதும், தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோட அக்ரிடெக் தளத்துல நெல் பருவம், ரகம் எல்லாம் தமிழ்லயே இருக்கு, மேட்டூர் நீர்மட்டத்துக்கு ஒண்ணு, மழைக்கு வானிலை மையம். நெட் போயிடுச்சுன்னா என்ன பண்றதுன்னு அந்த பக்கங்கள பிரிண்ட் எடுத்தும் வச்சுக்கங்க.

இப்ப பாருங்க, ஏடிடி 43-ங்கிற குறுவை நெல் ரகம் சுமார் 110 நாள் பயிர். ஜூன் 12-ல விதை விட்டா செப்டம்பர் கடைசில அறுப்பு, ஜூலை 12-ல விட்டா அக்டோபர் 30, அதாவது கதிர் சாயுற நேரத்துல வடகிழக்கு பருவமழை வந்து நிக்கும். இத நீங்க சொல்லிடாதீங்க, அவங்களே நாள எண்ணி கண்டுபிடிக்கட்டும், அந்த எடத்துல கிளாஸ் ஒரு நிமிஷம் கப்சிப்னு ஆகும் பாருங்க! பம்புசெட் இருக்கறவன் மேட்டூர் தண்ணிக்காக காத்திருக்க வேண்டாம், முன்னாடியே நாத்து விட்டுடலாம்பான், கடைமடைக்காரன் என் வாய்க்காலுக்கு தண்ணி வரவே இன்னும் எத்தன நாளோன்னு எகிறுவான், நடவு ஆளு குறுவை இல்லன்னா எனக்கு ரெண்டு மாசம் வேல ஏதுன்னு கேக்கும். சண்ட நல்லா நடக்கட்டும், ஆனா கடைசில நாலு பேரும் சேந்து ஒரே முடிவ ஒரு பக்கத்துல எழுதித் தரணும்.

மார்க் எதுக்குன்னு மொத நாளே போர்டுல எழுதிப் போட்டுடுங்க. முடிவு எதுவா இருந்தாலும் பரவால்ல, காரணத்துக்கும் அது எங்க கெடச்சதுன்னு சொல்றதுக்கும்தான் மார்க், கலர் பேனா அலங்காரத்துக்கு கெடையாது. நாலு பீரியட்ல முடிஞ்சுடும். கடைசி பீரியடுக்கு யாராவது ஒரு பையனோட தாத்தாவ, வயல்ல நின்ன மனுஷனா பாத்து, கூட்டிட்டு வந்து உக்கார வைங்க, பசங்க அவர்கிட்ட முடிவ சொல்லட்டும், அவர் குறுக்கு கேள்வி கேக்கட்டும்.