நோன்யா பீங்கான் தட்டுகளில் 16,000 வெள்ளி போடலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. சிங்கப்பூரில் வேலை. கையில் 40,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சேமிப்பு இருக்கிறது. பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் எட்டு நோன்யா தட்டுகளை 16,000 வெள்ளிக்குத் தருகிறேன் என்கிறார். இளஞ்சிவப்புப் பியோனி மலர்களும் பீனிக்ஸ் பறவையும் தீட்டிய எனாமல் வேலை, நூறு வருடத்துக்கு மேல் பழையதாம். "சீனப் பீங்கான் விலை இறங்கியதே இல்லை" என்று சொல்லி, 2002ல் ஹாங்காங் ஏலத்தில் 4.15 கோடி ஹாங்காங் டாலருக்குப் போன ஜாடியின் படத்தையும் காட்டினார். நான்கு வருடத்தில் மகள் பல்கலைக்கழகம் போக வேண்டும். வாங்கலாமா ஐயா?

பதில்: முதலீடு என்று நினைத்தால் வேண்டாம். அழகுக்காக என்றால் ஒன்றோ இரண்டோ வாங்குங்கள். எட்டும் வேண்டாம்.

அந்த ஜாடி யோங்செங் பேரரசர் காலத்து (1723-1735) அரண்மனைப் பீங்கான். பீச் பழக் கிளையும் வௌவாலும் தீட்டியது. அமெரிக்க வீடு ஒன்றில் மேசை விளக்குக்கு அடிப்பாகமாகக் கிடந்தது என்பது தனிக்கதை. உங்கள் தட்டுகளும் சீனாவின் பீங்கான் ஊரான அதே சிங்தேசெனில் செய்தவையாக இருக்கலாம். தங்கத்தை வைத்து எடுத்த அதே இளஞ்சிவப்பு எனாமலாகவும் இருக்கலாம். ஆனால் நோன்யா பீங்கான், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு பெரனாக்கான் குடும்பங்களுக்காக (இந்த வட்டாரத்தில் தலைமுறைகளாக வாழ்ந்து மலாய் வழக்கங்களோடு கலந்த சீன வம்சாவளியினர்; அவர்கள் வீட்டுப் பெண்களுக்குத்தான் நோன்யா என்று பெயர்) தனியார் சூளைகளில் செய்து கப்பலேற்றிய சரக்கு. அரண்மனைப் பீங்கானுக்கு உலகம் முழுவதும் ஆள் இருக்கிறது. இதைத் தேடி வாங்குபவர்களோ பெரும்பாலும் இந்த வட்டாரத்துக்காரர்கள்தான். அவசரத்துக்கு விற்கப் போனால் இந்தச் சிறிய வட்டம் உங்களை உறுத்தும்.

விலை இறங்கியதே இல்லை என்பதும் சரியில்லை. 2010ல் லண்டன் பக்கம் சியன்லோங் என்ற சீனப் பேரரசர் காலத்து எனாமல் ஜாடி ஒன்றுக்கு 4.3 கோடி பவுண்டு வரை ஏலம் கேட்டார்கள். கேட்டவர் பணம் கட்டவில்லை. பிறகு அது பாதி விலைக்குச் சற்று முன்னே பின்னே வேறொருவருக்குப் போனதாகச் செய்தி வந்தது.

இனி உங்கள் கணக்கு. கடையில் 16,000 வெள்ளி சொல்லும் பொருளுக்கு ஏலத்தில் 10,000 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏல நிறுவனம் 15 விழுக்காடு கழித்தால் உங்கள் கைக்கு வருவது 8,500. போட்ட காசை அப்படியே திரும்ப எடுக்க ஏல விலை 18,800ஐத் தாண்ட வேண்டும். வருடத்துக்கு 4 விழுக்காடு ஏறினாலும் அதற்குச் சுமார் 16 வருடம் ஆகும். அதே 16,000 வெள்ளி, 4 விழுக்காடு வட்டியில் அதே 16 வருடத்தில் 30,000 ஆகியிருக்கும். நான் போட்டது ஊகக் கணக்குதான். உண்மைக் கணக்கு வேண்டுமென்றால் கடைக்காரரிடமே கேளுங்கள்: "ஒரு வருடம் கழித்து என்ன விலைக்குத் திருப்பி எடுத்துக்கொள்வீர்கள்? எழுதித் தர முடியுமா?" அவர் முகம் பாதி பதிலைச் சொல்லிவிடும். இங்கே மூலதன லாப வரி (வாங்கியதை விற்ற லாபத்துக்கு வரி) இல்லை என்று அவர் ஆரம்பித்தால், நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள் பங்கு விற்றாலும்தான் அந்த வரி கிடையாது.

மகளின் படிப்புப் பணத்தை மத்திய சேமநிதியில் (ஓய்வுக்காலத்துக்கான சிபிஎஃப் கணக்கு) நிரப்பவும் வேண்டாம், நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது. அரசு வெளியிடும் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரம் போதும். 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம், எந்த மாதமும் அபராதமில்லாமல் மீட்கலாம்.

அப்புறமும் மனசு கேட்கவில்லையா? முதலில் ஆர்மீனியன் தெருவில் உள்ள பெரனாக்கான் அரும்பொருளகத்துக்குப் போய் அசல் எப்படி இருக்கும் என்று நிதானமாகப் பாருங்கள். எனாமல் பளபளப்புப் பூச்சுக்கு மேலே உட்கார்ந்திருப்பது, அதனால் புழங்கிய தட்டில் தேய்மானம் தெரியும். நூறு வருடத் தட்டு புத்தம் புதிதாக மின்னினால் சந்தேகப்படுங்கள். இதே பியோனி, பீனிக்ஸ் வடிவத்தில் புதுச் சரக்கும் தாராளமாக விற்கிறது. தட்டின் அடியில் இருக்கும் பேரரசர் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், பழைய முத்திரையைப் பின்னால் வந்தவர்களும் போட்டிருக்கிறார்கள். விளிம்பு உதிர்ந்ததா, ஒட்டியதா, விரிசல் உண்டா என்று புற ஊதா விளக்கில் பார்க்கச் சொல்லுங்கள். காலம், பழுது இரண்டையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். வீட்டுக் காப்புறுதியில் கைதவறி உடைந்தால் பணம் வருமா என்று தட்டை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.