பறக்க அஞ்சுபவரின் முதல் வெளிநாட்டுப் பயணம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எனக்கு வயது 43. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒருமுறை விமானத்தில் சென்றேன். நடுவானில் கால் மணி நேரம் விடாமல் குலுங்கியது. அதன் பிறகு எவ்வளவு தொலைவானாலும் ரயில்தான். குடும்பத்தோடு ஒரு வெளிநாட்டுக்குப் போய்வர வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை. ஆண்டுதோறும் அலுவலகம், மகளின் தேர்வு என்று ஏதேனும் காரணம் சொல்லித் தள்ளிப்போட்டு வந்தேன். சென்ற வாரம் மகள் தன் தாயிடம், “அப்பாவுக்குப் பயமாக இருந்தால் நாம் இரண்டு பேர் மட்டும் போய்வரலாமா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவள் கேலியாகக் கேட்கவில்லை. என்மீது இரக்கப்பட்டுக் கேட்டாள். அதுதான் உறுத்துகிறது. அவர்கள் தேர்ந்தெடுத்திருக்கும் நாட்டுக்கு, இடையில் ஒருமுறை விமானம் மாறி, 11 மணி நேரப் பயணம். விபத்துகள் மிக அரிது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பயனில்லை. பயம் தெளிந்த பிறகு பயணச்சீட்டு எடுப்பதா? தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு சமாளித்துவிடலாமா?

ர.

அன்புள்ள ர.,

நானும் பன்னிரண்டு ஆண்டுகள் விமானம் ஏறாமல் இருந்தவன். அந்த ஆண்டுகளில் கடல் கடந்த ஊரில் நடந்த என் அண்ணன் மகளின் திருமணத்துக்கு நான் போகவில்லை. விடுப்புக் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அண்ணன் நம்பியவரைப் போலவே பேசி, பிறகு அந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டுவிட்டார். ஆகவே மகளின் கேள்வி ஏன் உறுத்துகிறது என்பதை நீங்கள் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

பயம் தெளியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு முறை பயணத்தைத் தள்ளிப்போடும்போதும் உடனடியாக ஒரு நிம்மதி கிடைக்கிறது அல்லவா, அந்த நிம்மதிதான் பயத்துக்கு உணவு. தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று மனம் பாடம் படித்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் முன்கூட்டியே எச்சரிக்கிறது. இந்தக் கண்ணியை அறுக்க, அஞ்சும் பொருளைச் சிறு சிறு படிகளாக அணுகும் முறையை 1950களிலேயே ஜோசப் வோல்பே என்னும் மனநல மருத்துவர் வகுத்தார். இன்றைய நடத்தைச் சிகிச்சையிலும் அதன் அடிப்படை நிலைத்திருக்கிறது. படி சிறியதாக இருக்கலாம். ஆனால் ஏறித்தான் ஆக வேண்டும்.

அந்த வகையில் 11 மணி நேரம் என்பது உங்களுக்கு முதற்படி அல்ல. மனைவியிடம் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள். விடுமுறைக்கு ஓரிரு மாதங்களுக்கு முன், ஒரு மணி நேரத்தில் முடியும் உள்நாட்டுப் பயணம் ஒன்றை அவரோடு போய்வாருங்கள். போன இடத்தில் எந்த வேலையும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முதல் வெளிநாடாக மூன்று நான்கு மணி நேரத்தில் நேராகப் போய் இறங்கக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அவர்கள் விரும்பிய நாடு அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். நீண்ட பயணத்தை இடைநிறுத்தத்தோடு இரண்டாகப் பிரித்தால் எளிதாகும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. உங்களைப் போன்றவருக்கு அது இன்னொரு புறப்பாடும் இன்னொரு தரையிறக்கமும் ஆகிறது. நடுவே வேற்று விமான நிலையத்தில் உட்கார்ந்து பயத்தை வளர்த்துக்கொள்ளச் சில மணி நேரங்களும் கிடைத்துவிடுகின்றன.

“தெரிந்தும் பயனில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அது முற்றிலும் உண்மை. விபத்துக் கணக்குகள் அறிவுக்குச் சொல்லப்படுபவை. உங்கள் பயமோ காதிலும் வயிற்றிலும் குடியிருக்கிறது. அந்த இடத்துக்கே போய்ச் சேரும் செய்திகள் வேறு.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஏறிய முதல் விமானத்தில், என்னென்ன ஒலி எந்த வரிசையில் கேட்கும் என்பதை ஒரு தாளில் எழுதி மடியில் வைத்திருந்தேன். முதல் வரி: சக்கரங்கள் தரையைவிட்டு எழுந்த சில நொடிகளில் காலடியில் ‘தட்’ என்று ஓர் ஓசை, சக்கரங்கள் உள்ளே மடங்குகின்றன. மூன்றாவது வரி: இறக்கைப் பக்கமிருந்து மோட்டார் சுழலும் ஓசை, புறப்பாட்டுக்காக இறக்கையின் விளிம்பில் நீட்டிய மடிப்புகளை உள்ளிழுக்கிறார்கள். இவற்றுக்கு இடையே வரும் இரண்டாவது வரியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன்: ‘எஞ்சின் ஒலி தணியும்; கீழே விழுவது போல் இருக்கும்; விழவில்லை.’ புறப்படும்போது கூடுதல் விசையில் இயங்கும் எஞ்சின்களைப் பெரும்பாலும் ஆயிரம் அல்லது ஆயிரத்தைந்நூறு அடி உயரத்தில் சற்றுத் தணிக்கிறார்கள். விமானம் அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் முதுகை அழுத்திய விசை குறைவதால், உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு அதை இறக்கம் என்று தவறாகப் படித்துவிடுகிறது. அந்தக் கணம் வந்தபோது பென்சிலால் நான் இட்ட குறி தாளைக் கிழித்துவிட்டது. ஆயினும் குறி இட்டேன். தாளில் எழுதியிருந்தபடியே எல்லாம் நடக்கிறது என்பதுதான் அன்று என்னைத் தாங்கியது.

உங்களை மிரட்டியது குலுக்கல். நூற்றுக்கணக்கான அடிகள் விழுந்ததாக உடல் சாதிக்கும் பொழுதுகளில்கூட, விமானம் பெரும்பாலும் சில அடிகளே மேலும் கீழும் அசைந்திருக்கும். இறக்கை வளைவதைக் கண்டால் அஞ்ச வேண்டாம். வளைய வேண்டும் என்றே அது செய்யப்பட்டிருக்கிறது. பயணத்தில் எதிர்பார்க்கக்கூடிய மிக அதிகமான சுமையை வரையறுத்து, அதைவிட ஒன்றரை மடங்கு சுமையைக் குறைந்தது மூன்று நொடி உடையாமல் தாங்கிக் காட்ட வேண்டும் என்பது பெரிய விமானங்களுக்கு ஒப்புதல் வழங்கும் விதிகளில் ஒன்று. குலுக்கலில் காயமடைபவர்கள் பெரும்பாலும் இருக்கைப் பட்டை அணியாதவர்கள். ஆகவே பட்டை அணியச் சொல்லும் விளக்கு அணைந்த பிறகும் அதைக் கழற்றாதீர்கள். அங்கே உங்கள் கையில் இருக்கும் பாதுகாப்பு அது. அதை நீங்களே செய்கிறீர்கள் என்ற உணர்வும் நல்லது.

இறக்கையை ஒட்டிய இருக்கைகளில் அசைவு குறைவு, வாலருகே அதிகம். தரை சூடேறுவதற்கு முன், காலையில் புறப்படும் விமானங்கள் பொதுவாக அமைதியாகச் செல்லும். உள்ளே நுழையும்போதே, “எனக்குப் பறக்கப் பயம்” என்று பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். வெட்கம் வேண்டாம், உங்களைப் போன்ற பலரை அவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். நான் சொன்னபோது அந்தப் பெண், குலுங்கத் தொடங்கியதும் என் வரிசைக்கு வந்து, “இது இன்னும் பத்து நிமிடம் இருக்கும் என்று விமானி சொல்கிறார்” என்றார். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஓர் எல்லை கிடைத்தது. படபடப்பு உச்சத்துக்குப் போனால் அதோடு மல்லுக்கட்டாமல், மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். உச்சம் நெடுநேரம் நிற்காது; சில நிமிடங்களில் தானே இறங்கும்.

மாத்திரை பற்றி. மருத்துவரைக் கேளாமல் எதையும் போடாதீர்கள், மதுவோடு சேர்த்து ஒருபோதும் வேண்டாம். அசையாமல் உட்கார்ந்தபடியே நெடுநேரம் தூங்குவது கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, தூங்கிக் கடந்த பயணத்திலிருந்து மனம் எதையும் கற்பதில்லை என்பதுதான். அடுத்த பயணத்தில் அதே பயம் அப்படியே காத்திருக்கும். சிறு பயணத்தையும் தொடங்க முடியவில்லை என்றால், தயங்காமல் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். இது அவர்கள் வழக்கமாகக் கையாளும் பயங்களில் ஒன்று.

பலர் திரும்பும் பயணத்தை மறந்துவிடுகிறார்கள். போய்ச் சேர்ந்த மகிழ்ச்சி இரண்டு நாள் நீடிக்கும். மூன்றாம் நாள் காலையில், இன்னொரு முறை ஏற வேண்டுமே என்ற நினைவு வந்து உட்காரும். என் முதல் விடுமுறையின் பிற்பாதி அப்படித்தான் வீணாயிற்று. எனவே திரும்புவதற்கும் ஒரு தாளை வீட்டிலேயே எழுதி எடுத்துச் செல்லுங்கள். தரையிறங்கும்போது எழும் ஒலிகள் வேறு: மடிப்புகள் நீளும் ஓசை, சக்கரம் இறங்கும் அதிர்வு, தரை தொட்டதும் எஞ்சின்களின் பேரிரைச்சல். அந்தத் தாளையும் பென்சிலையும் உங்கள் மகளிடம் கொடுத்து, பக்கத்து இருக்கையில் அவளை உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.