அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது

வணக்கம் அக்கா,

சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவது பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் மகளுக்கு மூன்றரை வயது. நானும் வீட்டுக்காரரும் மில் வேலைக்குப் போகிறோம். பகலில் அவளைப் பார்த்துக்கொள்வது என் அத்தை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சமைக்கும்போது கையில் போனைக் கொடுத்துவிடுகிறார். பால்வாடிக்கு அனுப்புகிறோம், அங்கே பாட்டும் விளையாட்டும்தான். பக்கத்து வீட்டுப் பையன் எல்கேஜியில் ஏ முதல் இசட் வரை எழுதுகிறான். ஊர் நூலகத்துக்கு அழைத்துப் போனேன். "பேப்பர் படிக்கிறவங்களுக்குத் தொந்தரவும்மா, ஸ்கூல்ல சேர்த்த பிறகு கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நான் வேலையை விட்டுவிடட்டுமா?

(பெயர் வேண்டாம்), திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள தங்கைக்கு,

வேலையை விட வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் அத்தைக்கு என்ன தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள், என்ன தெரியும் என்று எழுதவில்லை. நானே ஊகித்துச் சொல்கிறேன்: அவர் பேத்தியின் கையில் பருப்பு கடைவார். உள்ளங்கையில் முழங்கையை வைத்துக் கடைந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி இது அம்மாவுக்கு, இது அப்பாவுக்கு, இது மாமாவுக்கு என்று பங்கு வைத்து, கையைக் கழுவிவிட்டு, நண்டு மெல்ல மெல்ல ஊர்ந்து கக்கத்துக்குப் போய்க் கிச்சுகிச்சு மூட்டுமே, அந்த விளையாட்டுதான். ஒரு விரலுக்கு ஓர் ஆள் என்பது எண்ணிக்கையின் ஆரம்பம். எதற்குப் பின் எது என்பது கதையின் ஆரம்பம். நம்பிக்கை இல்லையென்றால் அத்தையை ஒருநாள் வேண்டுமென்றே மாமாவை விட்டுவிடச் சொல்லுங்கள். "மாமாவுக்கு?" என்று பிள்ளை கையை இழுத்துக்கொள்ளும்.

நாளைக்கு அவள் எழுத்துக்கூட்டி 'மொச்சை' என்று வாசிக்கத் தடுமாறும்போது கைகொடுக்கப் போவது, அந்தச் சொல் முன்பே அவள் காதில் கிடப்பதுதான். அதைப் போட்டு வைப்பவர் அத்தை. போனும் நாளெல்லாம் பேசும், ஆனால் அவள் "ஏன்?" என்று கேட்டால் நின்று பதில் சொல்லாது. சமைக்கும் நேரத்தில் போனுக்குப் பதில் ஒரு தட்டில் பச்சை மொச்சையைக் கொட்டி உரிக்கச் சொல்லலாம் (பாதி தரையில்தான் கிடக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்). பென்சில் பிடிக்கப் போகிற விரல்களுக்கு இப்போதைக்கு அந்த வேலை போதும். ஏ முதல் இசட் எழுதும் பையனைப் பார்த்துப் பொறாமைப்படாதீர்கள், எனக்கு அவன் மணிக்கட்டை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது.

பால்வாடியில் எழுத வைப்பதில்லை என்பதும் குறை இல்லை. அங்கன்வாடிகளுக்கு நம் மாநிலத்தில் வைத்திருக்கும் பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. தெரிந்துதான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

சரி, புத்தகம். என் அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர், அதையும் மறந்துவிட்டவர். என் மகன் சின்னவனாக இருந்தபோது ஒரு யானைப் படப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்துப் பார்த்து அவராகவே ஒரு கதை சொல்வார். அவர் கதையில் அது கோயில் யானை, பாகனோடு கோபித்துக்கொண்டு கிளம்பிவிடும், வாழைத்தார்க்காரர் ஒருவர் வந்து சமாதானம் பேசுவார். ஒருநாள் நான் அச்சில் இருந்ததை அப்படியே வாசித்தேன். யானைக்குப் பாகனே இல்லை, காட்டில் பந்து விளையாடுகிறது. பையன் புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கி, "உனக்குப் படிக்கத் தெரியல, ஆச்சிகிட்ட கொடு" என்றான். அதனால் அத்தையிடம் படம் நிறைய, எழுத்து கொஞ்சமாக உள்ள புத்தகத்தைத் தயங்காமல் கொடுங்கள். வாங்கக் காசில்லை என்றால் பிரதம் புக்ஸ் என்ற பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழிலேயே படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன. போனை அதற்கு எடுக்கலாம், ஆனால் அத்தை மடியில் உட்கார்ந்துதான்.

நூலகத்தில் திருப்பி அனுப்பினார்கள் என்பதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கும். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்திலிருந்து தொடரும் ஏற்பாடு அது. அந்தச் சட்டத்துக்காக வருஷக்கணக்கில் பாடுபட்ட சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்று 1931-லேயே விதி எழுதியவர். எத்தனை வயது வாசகர் என்று அவர் அதில் போடவில்லை. அதே 1931-இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். இன்றைக்குப் பிள்ளை தானாக வந்து நின்றாலும் உள்ளே இடமில்லை.

ஆனால் அந்த நூலகரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் ஒற்றை ஆளாக இருப்பார், இருப்பதே ஒரு ஹால், அதில் பாதி போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். தனியாகப் போனால் தொந்தரவு, பத்துப் பேராகப் போனால் நிகழ்ச்சி! பால்வாடி டீச்சரிடம் பேசி நாலைந்து அம்மாக்களையும் அவர்கள் வீட்டு அப்பத்தாக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். கேட்க வேண்டியது ஒரு பாய், வாரத்தில் ஒரு மணி நேரம், கைக்கு எட்டுகிற கீழ்த்தட்டில் இருபது படப் புத்தகம், அவ்வளவுதான். ஹாலில் இடமில்லை என்றால் வராந்தா போதும். எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க நினைத்தால் மதுரை பக்கம்தானே, 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவுக்கு ஒருநாள் போய் வாருங்கள். அத்தையை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அப்புறம் ஒன்று. அத்தை பருப்பு கடையும்போது முதல் விரல் யாருக்கு என்று கேட்டு எழுதுங்கள். எங்கள் வீட்டில் அது தாத்தாவுக்கு.

அன்புடன்,
அக்கா