ஜூலியன் ஏன் நெருப்பு கேட்டான்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் பரிந்துரைத்த அமெரிக்க எழுத்தாளர் பிளானரி ஓ'கானரின் ‘எவ்ரிதிங் தட் ரைசஸ் மஸ்ட் கன்வெர்ஜ்’ கதையை வாசித்தேன். நிறவெறி பிடித்தவள் அம்மா. மகன் ஜூலியனோ பஸ்ஸில் கறுப்பினத்தவர் பக்கத்தில் போய் உட்காருகிறான், அம்மாவைக் கண்டிக்கிறான். முடிவில் குற்றவுணர்ச்சி விழுவது அவன் தலையில். நல்லவனுக்கு ஏன் இந்தத் தண்டனை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் ஜூலியனை நம்பியதில் வியப்பில்லை. கதை முழுக்க அவன் மனசுக்குள்ளிருந்தே சொல்லப்படுகிறது. தன்னைப் பற்றி அவன் நினைப்பதெல்லாம் கதாசிரியர் தரும் தகவல் போலவே நம்மிடம் வந்து சேர்கிறது. மறுவாசிப்பில் அவன் எண்ணங்களை விட்டுவிட்டு, செயல்களை மட்டும் பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள்.

கதை வெளியானது 1961இல். அமெரிக்கத் தெற்கில் பஸ்களில் நிறப் பிரிவினை நீங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அதனால்தான் அம்மா இரவில் தனியாக பஸ் ஏறுவதில்லை. நன்றாக உடுத்திய கறுப்பினத்தவர் ஒருவர் கைப்பெட்டியுடன் ஏறி, செய்தித்தாளை விரிக்கிறார். ஜூலியன் அவரருகே போய் உட்கார்ந்து நெருப்பு கேட்கிறான். புகைபிடிக்கக் கூடாது என்ற பலகை கண்ணெதிரே தொங்குகிறது. காசில்லாததால் அவன் சிகரெட்டை விட்டே சில மாதங்கள் ஆகின்றன. அவர் தாளிலிருந்து கண்ணெடுக்காமல் தீப்பெட்டியை நீட்டுகிறார். வாங்கியவன் சற்று விழித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறான். அந்த மனிதர் யார் என்பதில் அவனுக்கு அக்கறையே இல்லை. எதிரே அம்மாவின் முகம் கோபத்தில் சிவந்தால் போதும்.

முன்பும் முயன்றிருக்கிறான். பேராசிரியர், வக்கீல், பாதிரியார் போலத் தோன்றுபவர்களாகப் பார்த்துத்தான் பேச்சுக் கொடுப்பான். அப்படிக் கம்பீரமாகப் பேசிய ஒருவர் பிணம் அடக்கும் தொழில் செய்பவர். இன்னொருவர் இறங்கும்போது அவன் கையில் இரண்டு லாட்டரிச் சீட்டுகளைத் திணித்துவிட்டுப் போகிறார். தராதரம் பார்த்துப் பழகுவதில் அவன் அம்மாவுக்குச் சளைத்தவனில்லை. குடும்பத்தின் பழைய மாளிகையைப் பற்றி அவள் பெருமை பேசினால் சீறுகிறவன், 200 அடிமைகளை வைத்திருந்த அந்த வம்சத்தின் வீட்டுக்காக உள்ளுக்குள் ஏங்குகிறான்.

அவனுடைய பகற்கனவுகளையும் கவனியுங்கள். அம்மா சாகக் கிடக்கும்போது கறுப்பின டாக்டரைத்தான் கூட்டி வருவான். கறுப்பினச் சாயல் கொண்ட பெண்ணை வீட்டுக்கு அழைத்து வருவான். இடையில் உள்ளிருப்புப் போராட்டத்தில் சேர்வதாக ஒரு கற்பனை எட்டிப்பார்க்கிறது. அதில் மட்டும் அவன் மனம் தங்குவதில்லை. 1960 பிப்ரவரியில் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில், வெள்ளையருக்கு மட்டும் உணவு பரிமாறிய கடையில் உட்கார்ந்து நான்கு கறுப்பின மாணவர்கள் தொடங்கிய போராட்டம் தெற்கெங்கும் பரவிய காலம் அது. போய்ச் சேர வழி இருந்தது. ஆனால் அங்கே அடியும் சிறையும் காத்திருக்கும். என்னைப் பொறுத்தவரை கதையின் உயிரே அவன் மனம் தங்காத அந்த ஒற்றை வரியில் இருக்கிறது.

ஓ'கானரின் சொந்தக் கடிதங்களிலும் கறுப்பினத்தவரை இழிவாகப் பேசும் வரிகள் உண்டு. இந்த மனநிலை அவருக்கு அந்நியமானதல்ல.

கடைசியில் அம்மா ஒரு கறுப்பினச் சிறுவனுக்குப் பென்னிக் காசு நீட்ட, அவன் தாய் கைப்பையால் அடிக்கிறாள். ரத்த அழுத்தக்காரியான அம்மா கீழே விழுகிறாள். ஜூலியன் அவளைத் தூக்கிவிட்டு, அடித்தவள் தனி ஒருத்தி அல்ல, ஓர் இனமே என்று பாடம் நடத்துகிறான். அவளோ அவனையே அடையாளம் தெரியாதவள் போலப் பார்க்கிறாள். அவன் பேச்சு ஓயவில்லை. அந்தக் கணத்தில் அவள் தேடுவது, சிறுவயதில் தன்னை வளர்த்த கறுப்பினத் தாதி கரோலினை. அந்தப் பாசம் அவளுடைய நிறவெறியைக் கழுவிவிடாது. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட ஜூலியனுக்கு ஒரே ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை.