ஷஃபிள்ல கேட்ட ஸ்னோ கூஸ்

வணக்கம் அண்ணா,

கேமல்ங்கிற பிரிட்டிஷ் ராக் பேண்டோட 'தி ஸ்னோ கூஸ்' ஆல்பம் உங்களுக்கு உயிர்னு எழுதியிருந்தீங்க. ஆபீஸ் பஸ்ல ஷஃபிள்ல போட்டு கேட்டேன். யாரும் பாடல, பாதி டிராக் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடுது, ஒரே ட்யூன் திரும்பத் திரும்ப வருது. நான் எதை மிஸ் பண்றேன்?

அன்புள்ள தம்பி,

முதல்ல ஷஃபிளை ஆஃப் பண்ணுங்க. ஒரே ட்யூன் திரும்ப வருதுன்னு நீங்க குறையா சொன்னீங்க பாருங்க, அதுக்காகத்தான் நான் இத்தனை வருஷமா இதைக் கேட்டுட்டு இருக்கேன்.

1975ல வந்த ஆல்பம் இது. பால் கேலிகோ 1941ல எழுதின குறுநாவல்தான் அடிப்படை (எழுத்தாளர் தரப்புல எதிர்ப்பு வந்ததால அட்டையில 'ஸ்னோ கூஸால் தூண்டப்பட்ட இசை'ன்னு போட வேண்டியதாச்சு). எசெக்ஸ் கடலோரம் சதுப்பு நிலம், அங்க ஒரு பழைய லைட்ஹவுஸ், அதுல தனியா இருக்கிற கூன் விழுந்த ஓவியர் ராயடர். ஃப்ரித்தான்னு ஒரு சின்னப் பொண்ணு அடிபட்ட ஸ்னோ கூஸ் (வெள்ளை வாத்து) ஒண்ணைத் தூக்கிட்டு அவர்கிட்ட வர்றா. 1940ல, இரண்டாம் உலகப் போர்ல, பிரான்ஸோட டன்கிர்க் கடற்கரையில மாட்டிக்கிட்ட சிப்பாய்ங்கள மீட்க ராயடர் தன்னோட சின்னப் படகை எடுத்துட்டுப் போறார், திரும்பி வரல.

இதைச் சொல்ல ஒரு வரி பாட்டு கிடையாது, ஆளுக்கு ஒரு ட்யூன் அவ்வளவுதான். 'ராயடர்'ங்கிற டிராக்ல பேண்டோட ஆண்ட்ரூ லாட்டிமர் வாசிக்கிற ஃப்ளூட் துள்ளிக்கிட்டு வரும், அதே ட்யூன் 'ராயடர் அலோன்'ல நடை தளர்ந்து வரும்போது, அந்த மனுஷனை நமக்கு ஏற்கனவே தெரியும்ங்கிறதால மனசு என்னவோ பண்ணும். 'ஃப்ரித்தா'வும் அப்படித்தான். ஒன்றரை நிமிஷம்கூட இல்ல, ஒரு குழந்தை தயங்கித் தயங்கி வாசப்படில நிக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் 'டன்கிர்க்' வருது, ஆண்டி வார்டோட டிரம்ஸ், பின்னாடி ஆர்கெஸ்ட்ரா எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டே போய் மேல வந்து விழும், 'எபிடாஃப்' முடியும், அதுக்கப்புறம் 'ஃப்ரித்தா அலோன்'. பீட்டர் பார்டென்ஸ் கீபோர்டுல அந்தக் குழந்தையோட ட்யூனை மெதுவா வாசிப்பார். ஹாஸ்டல்ல முதல் தடவை இதைக் கேட்டப்ப எனக்கு கதை எதுவும் தெரியாது, ஆனாலும் யாரோ போயிட்டாங்கன்னு மட்டும் புரிஞ்சுது. ஷஃபிள்ல உங்களுக்கு இந்த டிராக் 'ஃப்ரித்தா'வுக்கு முன்னாடியே வந்திருந்தா, யாருக்காக அழறோம்னே தெரியாமத்தானே இருந்திருக்கும்?

டிராக் சின்னதா இருக்குன்னு சொன்னீங்க. 16 டிராக்கும் சேர்ந்து ஒரே பீஸ் தம்பி, சுமார் 43 நிமிஷம். 'ஃப்ரெண்ட்ஷிப்' ரெண்டு நிமிஷம்கூட வராது, ஆனா அந்த ஊதுற வாத்தியங்க ஒண்ணு பின்னாடி ஒண்ணு அசைஞ்சு வர்றதுல வாத்து நடக்கிறது அப்படியே தெரியும். இதுக்கு ஆர்கெஸ்ட்ரா அமைச்சது டேவிட் பெட்ஃபோர்ட். ஆல்பம் வந்த அதே 1975 அக்டோபர்ல லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோட ராயல் ஆல்பர்ட் ஹால்ல முழுசா வாசிச்சாங்க, அந்த லைவ் ரெக்கார்டிங்கும் கிடைக்குது. 2013ல லாட்டிமர் திரும்பவும் பதிவு பண்ணார், சவுண்டு சுத்தமா இருக்கும், ஆனா பார்டென்ஸ் அதுல இல்ல, 2002லயே இறந்துட்டார். நீங்க பழசுலயே ஆரம்பிங்க.

பஸ்ல வேணாம், ராத்திரி கேளுங்க. முதல் டிராக் பேரும் கடைசி டிராக் பேரும் 'தி கிரேட் மார்ஷ்'தான். கதையில கடைசில அந்த லைட்ஹவுஸும் குண்டு விழுந்து போயிடும், சதுப்பு நிலம் மட்டும்தான் மிச்சம். ஆல்பமும் அங்கதான் போய் நிக்குது.